ஓவியத்துக்காக எழுந்த மண்டபம்: குற்றாலச் சித்திர சபை

நடராசருக்குரிய ஐந்து சபைகள் தில்லை, மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு, குற்றாலம் ஆகிய ஊர்களில் உள்ளன. முதல் நான்கிலும் கல்லிலோ உலோகத்திலோ வடித்த திருமேனிக்கு வழிபாடு நடக்கிறது. குற்றாலத்தில் மட்டும் ஆடுபவர் சுவரில் தீட்டப்பட்டிருக்கிறார். சித்திர சபை என்ற பெயர் அதனால் வந்தது. தென்காசி, குத்துக்கல்வலசை, மேலகரம், இலஞ்சி என அடுத்தடுத்து அமைந்த ஊர்களின் மேற்கெல்லையில், மலையடிவாரத்தில் இந்த மண்டபம் நிற்கிறது.

மூர்த்தி ஓவியமாக இருப்பதால் கட்டடத்தின் முறையே மாறிவிடுகிறது. கற்சிலைக்கு நாள்தோறும் நீரும் பாலும் எண்ணெயும் சொரியலாம். சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய நிறம் அதைத் தாங்காது. எனவே அபிஷேக நீர் வழிந்தோடும் கருவறை இங்குத் தேவைப்படவில்லை. குற்றாலநாதர் கோயிலை விட்டுச் சற்றுத் தள்ளி, தனி மண்டபமாகச் சபை எழுந்தது. முன்னால் தெப்பக்குளம், அதன் நடுவே சிறு மண்டபம். ஆனி முதல் ஆவணி வரை சாரல் விடாமல் பெய்யும் ஊர் இது. ஓவியத்துக்கு ஈரத்தைப் போல் பகை வேறில்லை. தட்டையான கல் தளத்துக்குப் பதிலாக, செப்புத் தகடு வேய்ந்த சரிந்த கூரை இங்கே மழையை வழித்து இறக்குகிறது. கூரையின் சாயல் கேரளக் கோயில்களை நினைவூட்டுவதில் வியப்பில்லை: பக்கத்துச் செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர்.

உட்சுவர்களில் ஆடவல்லானோடு சிவகாமி நிற்கிறாள். சுற்றிலும் துர்க்கை அசுரரோடு பொருவது, திருவிளையாடல்கள், பத்மநாபர், காலபைரவர் எனக் காட்சிகள் தொடர்கின்றன. திருவனந்தபுரத்துப் பெருமாளைச் சிவனுடைய சபையில் தீட்டியவர்கள் மலைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே கண்ணோடு பார்த்திருக்க வேண்டும். ஓவியங்களின் நடை நாயக்கர் காலத்துக்கும் அதை அடுத்த காலத்துக்கும் உரியது. இவற்றைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது. உள்ளே நுழைபவரைச் சுற்றி நாற்புறமும் சூழும் ஒரே படைப்பாகவே இவை அமைந்திருக்கின்றன. மார்கழித் திருவாதிரையில் இங்கு நடக்கும் தாண்டவ தீபாராதனையின்போது தீபம் மேலும் கீழும் அசைய, சுவரில் உள்ள உருவத்தின் மேல் ஒளியும் நிழலும் மாறி மாறி விழும். நின்ற ஓவியத்தில் ஆட்டத்தைக் காண இதைவிட நல்ல வெளிச்சம் வாய்க்காது.

பிற்காலக் கலைக்கூடங்கள் வேறு வழியில் போயின. சென்னை எழும்பூரில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம் பின்னாளில் தேசிய ஓவியக்கூடமாயிற்று. செந்நிறக் கல்லில் கம்பீரமான கட்டடம்தான். ஆனால் அது முதலில் எழுந்து நின்றது, படங்கள் பிறகு வந்து மாட்டப்பட்டன. உலகெங்கும் பெரும்பாலும் இதுவே வழக்கம்.

நிறுவல் கலைஞர்கள் அறை முழுவதையும் படைப்பாக்கத் தொடங்கிய பின் அந்த வழக்கம் தளர்ந்தது. ஹூஸ்டனில் 1971இல் திறக்கப்பட்ட ராத்கோ சேப்பலில் எண்கோண வடிவம், மேலிருந்து இறங்கும் ஒளி ஆகியவற்றை ஓவியர் மார்க் ராத்கோவே வலியுறுத்தினார். இதில் பிணங்கிக் கட்டடக்கலைஞர் பிலிப் ஜான்சன் விலகினார். 14 ஓவியங்களுக்காகக் கட்டிய அந்தக் கூடத்தில் டெக்சஸ் வெயில் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இறங்கியது. பிறகு மேல்சாளரத்துக்கு மறைப்பு வைக்க நேர்ந்தது. ஜப்பானின் நாவோஷிமா தீவில் தாதாவோ ஆண்டோ 2004இல் அமைத்த சிச்சு கலைக்கூடம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மோனேயின் அல்லிக்குள ஓவியங்களுக்கும், ஜேம்ஸ் டர்ரெல், வால்டர் டி மரியா ஆகியோர் படைப்புகளுக்கும் தனித்தனி அறைகள் உண்டு. அங்கே ஓவியங்களைப் பார்க்கப் பகல் வெளிச்சமே போதும்.

நாவோஷிமாவின் அறைகளுக்கும் குற்றாலத்துச் சபைக்கும் இலக்கணம் ஒன்றே: படைப்பை அப்புறப்படுத்தினால் கட்டடத்துக்கு வேலையில்லை. தமிழ்நாட்டில் புதிய கலைக்கூடம் வரைய உட்காருபவர்கள் ஜப்பானுக்குப் போகுமுன் தென்காசிக்கு ரயிலேறுவது நல்லது.