சிற்றுருவும் வீரர் நினைவும்

சரித்திரம் எழுதுவோர்க்கு அரசாங்க ஏடுகளும் தளபதிகளின் அறிக்கைகளுமே முதன்மையான சான்றுகள். ஆனால் ஒரு போரில் சாதாரண வீரன் எதன்மேல் உட்கார்ந்தான், எதைக் கையில் பற்றினான், எதற்கு அஞ்சினான் என்று கேட்டால் அந்த ஏடுகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அத்தகைய செய்திகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு கூட்டத்தார் உண்டு. போர் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் அளவு பிசகாமல் சிற்றுருவாகச் செய்பவர்களே அவர்கள். அவர்கள் செய்வது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதனைச் சரித்திர ஆராய்ச்சியின் ஒரு கிளையாகவே கருதுகிறேன். வியட்நாம் போரில் அமெரிக்கத் தரைப்படை பயன்படுத்திய ‘ஹியூயி’ என்னும் ஹெலிகாப்டரைக் கொண்டு இதனை விளக்குகிறேன்.

பெல் நிறுவனம் செய்த இந்த ஹெலிகாப்டர் 1956 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. தொடக்கத்தில் இதன் குறியீடு எச்.யு.-1. அந்த எழுத்துகளையும் எண்ணையும் சேர்த்துப் படித்த வீரர்கள் ‘ஹியூயி’ என்று அழைத்தார்கள். 1962-இல் குறியீடு யு.எச்.-1 என்று மாறியது. வீரர் இட்ட பெயரோ மாறவில்லை. ஏறத்தாழ 7,000 ஹியூயிகள் வியட்நாமில் பணிபுரிந்தன. அவற்றுள் 3,000-க்கு மேற்பட்டவை அழிந்தன. துருப்புகளைக் களத்தில் இறக்குவதும், காயமுற்றோரை ஏற்றி வருவதும், உணவும் தோட்டாவும் சுமப்பதும் இவற்றின் அன்றாட வேலை.

டி என்னும் வகை ஹியூயியின் மேற்சுழலி 48 அடி விட்டம் உடையது. 48-இல் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியில் அது சரியாக ஓர் அடி ஆகிறது. இத்தகைய அளவுகளை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருந்த தளவாடங்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை வரைபடம் சொல்லாது. அங்கேதான் முன்னாள் வீரரின் நினைவு வேண்டியிருக்கிறது.

ஒன்றிரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். கதவருகே இருந்த எம்-60 இயந்திரத் துப்பாக்கிக்கு முறையான தாங்கி ஒன்று உண்டு. ஆனால் துப்பாக்கி எல்லாப் பக்கமும் எளிதாகத் திரும்ப வேண்டும் என்று பலர் அதனை ரப்பர்க் கயிற்றில் தொங்கவிட்டுச் சுட்டார்கள். தோட்டாப் பட்டை சிக்காமல் உள்ளே வழுக்கிச் செல்வதற்காக, உணவு அடைத்து வந்த தகர டப்பாவைத் துப்பாக்கியின் பக்கத்தில் பொருத்திக்கொண்டார்கள். எந்தத் தொழிற்சாலையும் அந்த டப்பாவை அதற்காகச் செய்து அனுப்பவில்லை. பசி தீர்த்த டப்பா உயிர் காக்கவும் உதவிற்று.

மார்புக் கவசத்தின் கதை இன்னும் கருத்தைத் தொடுவது. பீங்கான் போன்ற கடினப் பொருளால் ஆன கனத்த பலகை அது. மார்பில் அணிவதற்காகவே கொடுக்கப்பட்டது. ஆனால் தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்குக் குண்டு தரையிலிருந்து அல்லவா வருகிறது? ஆகவே சிலர் அதனைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்து பறந்தார்கள். சிற்றுருவில் விரல் நகத்தினும் சிறிய அந்தப் பலகையை மார்பில் வைப்பதா, இருக்கையில் வைப்பதா என்பது அற்பக் கேள்வியாகத் தோன்றலாம். இருபது வயது இளைஞன் ஒருவன் சாவு எந்தத் திசையிலிருந்து வரும் என்று எண்ணினான் என்பதை அந்தப் பலகையின் இடமே நமக்குச் சொல்கிறது.

வீரர்களின் நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. ஒருவர், ஹெலிகாப்டரின் வாலில் எழுத்துகள் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தன என்பார். மற்றவர் கறுப்பாக இருந்தன என்பார். இருவரும் மெய்யே சொல்கிறார்கள். முற்காலத்தில் வெள்ளையாக எழுதினார்கள். பகைவர் கண்ணுக்குத் தெரியலாகாது என்று பிற்காலத்தில் கறுப்பாக மாற்றினார்கள். புகைபோக்கியின் செய்தியும் இத்தகையதே. 1972-இல், வெப்பத்தைத் தொடர்ந்து வந்து தாக்கும் ஏவுகணை வியட்நாம் களத்தில் தோன்றியது. அதனிடமிருந்து தப்புவதற்காகச் சூடான புகையை மேல்நோக்கித் திருப்பும் குழாய் பொருத்தப்பட்டது. அந்தக் குழாயோடு 1967-ஆம் ஆண்டு ஹியூயியைச் செய்தால் சரித்திரம் பிசகிவிடும். எனவே நல்ல கலைஞன் பொதுவாக ஒரு ஹியூயியைச் செய்வதில்லை. எந்தப் படைப்பிரிவின் ஹெலிகாப்டர், எந்த ஆண்டு, எந்த மாதம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறான்.

நினைவை மட்டும் நம்பலாமா என்றால், ஆகாது. ஐம்பது ஆண்டுகளில் நிறங்கள் மனத்தில் கலந்துவிடும். பிறர் சொன்னது தாம் கண்டதாகிவிடும். புகைப்படமும் முழுச் சாட்சி அன்று. வண்ணம் மங்கும்; இடவலம் மாறி அச்சாவதும் உண்டு. அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹெலிகாப்டரும் நம்மை ஏமாற்றக்கூடும். போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் உழைத்த ஹியூயிகளில் புதிய உறுப்புகள் சேர்ந்தன. மின்கம்பிகளில் சிக்காதிருக்க மூக்கில் வைத்த வெட்டலகு அவற்றுள் ஒன்று. வியட்நாமில் அது இல்லை. ஆகவே நினைவு, புகைப்படம், ஏடு, எஞ்சிய பொறி ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று உரைத்துப் பார்ப்பதே முறை.

இதில் வேறொரு பயனும் இருக்கிறது. போரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் மௌனம் சாதிக்கும் முதியவர், தோட்டாப் பெட்டி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் பேசத் தொடங்குவார். பெட்டியில் தொடங்கும் பேச்சு, அதன் அருகே அமர்ந்திருந்த தோழனிடம் செல்லும்; அவன் திரும்பி வராத நாளிடமும் செல்லும். சிற்றுரு செய்பவன் கேட்டது ஓர் அளவு. அவனுக்குக் கிடைப்பது ஒரு வாழ்க்கை.

1966-இல் இருபது வயதினராக இருந்தவர்கள் இன்று எண்பதை எட்டியவர்கள். அந்த ஹெலிகாப்டர்களைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்த வியட்நாமிய உழவர்களுக்கும் அதே வயதுதான். சிற்றுருவில் அவர்களுக்கு இடமில்லை. சரித்திரத்தில் இருத்தல் வேண்டும். ஏடுகள் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்கள். ஆதலால் கேட்க வேண்டியவற்றை இரு சாராரிடமும் இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வதுதான் நாம் செய்யக்கூடிய நற்பணி.