தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

ஆஸ்திரேலியா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிட்னி ஓபரா ஹவுஸ். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். பாக்ஸிங் டே டெஸ்ட் பார்ப்பதற்காக அலாரம் வைத்து விடியற்காலையில் எழுந்த மார்கழி நாட்கள். எல்லாமே கரையோர சமாசாரங்கள். இந்தியாவைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான நிலம் அது. ஆனால், ஜனங்களில் பெரும்பாலானோர் கடலோரமாகவே ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள்.

அப்படியானால் உள்ளே என்னதான் இருக்கிறது?

சிவப்பு மண், உப்புப் படிந்த ஏரிகள், நாள் முழுக்க ஓட்டினாலும் தீராத ரோடு. இதைத்தான் அவுட்பேக் என்கிறார்கள். நடுநடுவே, சின்னச் சின்ன ஊர்கள். ஒரு ஹோட்டல், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தபால் ஆபீஸ். அவ்வளவுதான், ஊர் முடிந்துவிட்டது. அப்படி ஒரு ஊருக்கு இந்த வாரம் உங்களை அழைத்துப் போகிறேன்.

ஊரின் பெயர் மாரி. மழை பொழிகிற மாரி என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்கும் இந்த ஊருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஜனத்தொகை? நூறு பேரை எண்ணி முடிப்பதற்குள் ஊரே தீர்ந்துவிடும். கோடையில் 45 டிகிரி வெயில் இங்கே செய்தியே அல்ல.

இங்கிருந்து பேர்ட்ஸ்வில் என்ற ஊருக்கு ஒரு மண் பாதை போகிறது. 517 கிலோமீட்டர். மழை பெய்தால் சேறு. அரசாங்கமே பாதையை மூடிவிடும். வெயில் அடித்தால் இன்னும் மோசம். 1963 டிசம்பரில் அந்தப் பாதையில் ஒரு குடும்பத்தின் கார் பெட்ரோல் தீர்ந்து நின்றுபோனது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். ஐந்து பேரும் தாகத்தில் செத்துப்போனார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் போகிற யாருக்கும் முதலில் சொல்லப்படும் பாடம் இதுதான்: தண்ணீர் நிறைய எடுத்துக்கொள். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டுப் போகாதே.

கார், பெட்ரோல், மேப் எல்லாம் வந்த பிறகே இந்தக் கதை. இவை எதுவும் இல்லாத காலத்தில், இந்தப் பாலைவனத்தின் நடுவே ஊர் எப்படி முளைத்தது? அரிசி இல்லாவிட்டாலும் மாவு வேண்டும், சர்க்கரை வேண்டும், கூரைக்குத் தகரம் வேண்டும். யார் சுமந்துகொண்டு போனார்கள்?

அந்தக் கணக்கைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். வரவு ஒருவர் பேரில், செலவு இன்னொருவர் பேரில் எழுதப்பட்ட விசித்திரமான கணக்கு.

முதலில் தண்ணீர். ஆஸ்திரேலியாவின் அடியில் மிகப்பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரங்களில், பூமியைக் கிழித்துக்கொண்டு ஊற்றுகளாகத் தண்ணீர் வெளியே வரும். ஒரு ஊற்று, கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று என்று சங்கிலிபோல. அரபானா போன்ற பூர்வகுடி மக்களுக்கு அந்தச் சங்கிலி மனப்பாடம். அவர்களுடைய வியாபாரப் பாதையே அதுதான்.

ஜான் மெக்டுவல் ஸ்டூவர்ட் என்கிற வெள்ளைக்காரர் 1859-ல் அந்தப் பக்கம் வந்தார். அவருடைய குழுவில் ஹெர்காட் என்று ஒரு ஜெர்மன்காரர். அவர் கண்ணில் ஒரு ஊற்று பட்டது. உடனே அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். காலங்காலமாக அங்கே தண்ணீர் குடித்தவர்களின் கண்ணில் பட்டதெல்லாம் கணக்கில் வராது போலிருக்கிறது! அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் எழுந்த ஊர்தான் மாரி.

ஸ்டூவர்ட் போன வழியிலேயே அடுத்து தந்திக் கம்பி போனது. தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை, சுமார் 3,200 கிலோமீட்டர். ஏறக்குறைய 36,000 கம்பங்கள். 1870-ல் ஆரம்பித்து 1872 ஆகஸ்டில் முடித்தார்கள். டார்வினிலிருந்து கடலடி கேபிள் ஜாவா, சிங்கப்பூர் என்று தொட்டுக்கொண்டு நம்ம மெட்ராஸில் கரை ஏறியது. அங்கிருந்து பம்பாய், பிறகு லண்டன். கப்பலில் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்த செய்தி, மணிக்கணக்கில் போக ஆரம்பித்தது.

அத்தனை சாமான்களையும் நடுப் பாலைவனத்துக்குக் குதிரையும் மாடும் மட்டுமே சுமந்து தீர்த்திருக்க முடியாது. அவற்றுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஒட்டகத்துக்கு வேண்டாம். ஒட்டகத்துக்கு எங்கே போவது?

கராச்சிக்கு.

1860-ல் பர்க், வில்ஸ் என்ற இருவரின் புகழ்பெற்ற பயணத்துக்காக முதலில் 24 ஒட்டகங்கள் வந்தன. 1866-ல் தாமஸ் எல்டர் என்ற பெரும் பணக்காரர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கினார். ஒட்டகம் மட்டும் வந்து என்ன பிரயோஜனம்? மூக்கணாங்கயிறு பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டாமா? ஆட்களும் வந்தார்கள். பெஷாவர், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ஆஃப்கானிஸ்தான் என்று பல இடங்களிலிருந்து. பாதிக்கு மேல் பிரிட்டிஷ் இந்தியா சம்பந்தப்பட்ட பூமி. ஆனால் ஆஸ்திரேலியர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? எல்லோருக்கும் ஒரே பெயர்: ஆஃப்கான். சுருக்கமாக, ‘கான்’.

ஒரு மதிப்பீட்டின்படி, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சுமார் 2,000 ஒட்டகக்காரர்களும் 20,000 ஒட்டகங்களும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல ஒட்டகம் ஒன்று அரை டன்னுக்கு மேல் சுமக்கும். பண்ணைகளுக்குப் போகும்போது மாவு, டீத்தூள், சர்க்கரை, முள்கம்பி. திரும்பி வரும்போது ஆட்டு ரோம மூட்டைகள். சுரங்கமா, தந்தியா, ரயில் பாதையா? அவுட்பேக்கில் எது நடந்தாலும் சாமான் வந்தது பெரும்பாலும் ஒட்டகத்தின் முதுகில்தான்.

1883-ல் மாரியில் கல்லால் கட்டிய இரண்டு மாடி ஹோட்டல் எழுந்தது. இன்றைக்கும் அது இருக்கிறது, ரூம் போட்டுத் தங்கலாம். 1884-ல் ரயில் வந்தது. அங்கேதான் சமாசாரமே ஆரம்பம்.

தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிளந்தது. இந்தப் பக்கம் ஹோட்டல், வெள்ளைக்காரர் வீடுகள். அந்தப் பக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடிகளும். அங்கே தகரக் கொட்டகைகள், பேரீச்சை மரங்கள், மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய சின்னஞ்சிறு மசூதி. ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய மசூதிகளில் ஒன்று. செத்த பிறகாவது சேர்ந்து இருந்தார்களா என்றால், ம்ஹூம். இடுகாட்டிலும் மூன்று தனித்தனிப் பகுதிகள்.

நமக்குப் புரியாத ஏற்பாடா இது? கோடு போட்டு ஊரைப் பிரிக்கிற வித்தையை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவரை நடந்தது ஊர் வழக்கம். 1901-ல் சட்டமே வந்துவிட்டது. ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே நாடான வருடம் அது. புது நாடாளுமன்றம் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று, குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். ‘வெள்ளையர் அல்லாதவர் வரக்கூடாது’ என்று அதில் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. அதைவிடக் கெட்டிக்காரத்தனம். வருகிறவருக்கு ஒரு டிக்டேஷன் டெஸ்ட் வைக்கலாம். ஐம்பது வார்த்தை. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழி. எந்த மொழி என்று முடிவு செய்வது அதிகாரி. இங்கிலீஷ் தெரிந்தவர் வந்தால் பிரெஞ்சு. பிரெஞ்சும் தெரிந்தால் ஸ்வீடிஷ். புரிகிறதல்லவா? அது பரீட்சை அல்ல, கதவு.

ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள்? இருக்கலாம். ஆனால் 1903-ல் வந்த சட்டப்படி ஆசியாவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. தாயைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டுமானால் முன்கூட்டியே ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் நேராக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ, போதாக்குறைக்கு உள்ளங்கை ரேகை. கிரிமினலுக்குச் செய்கிற மரியாதை. மனைவியைக் கூட்டி வருவது அநேகமாக நடக்காத காரியம். பலர் கடைசிவரை தனியாகவே கிடந்தார்கள். சிலர் பூர்வகுடிப் பெண்களையோ வெள்ளைக்காரப் பெண்களையோ மணந்து அங்கேயே வேர்விட்டார்கள்.

பெஜா தர்வேஷ் என்ற மனிதரைப் பாருங்கள். பலூசிஸ்தானில் பிறந்தவர். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சார்ஜென்ட்வரை உயர்ந்தவர். 1890 வாக்கில் ஆஸ்திரேலியா வந்தார். 1896-ல் லாரன்ஸ் வெல்ஸ் என்ற சர்வேயரோடு கிரேட் சாண்டி பாலைவனத்தைக் கடக்கப் போனார். அந்தப் பயணத்தில் பிரிந்துபோன இரண்டு பேர் தாகத்தில் இறந்தார்கள். மற்றவர்கள் உயிரோடு திரும்பியதில் பெஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வெல்ஸ் அதை மறக்கவில்லை. தன் பித்தளைத் திசைகாட்டியை அவருக்கே கொடுத்தார். வழியில் பார்த்த ஒரு குன்றுக்கு அவர் பெயரை வைத்தார்.

குன்றுக்குப் பெயர் வைக்கலாம். குன்றுக்கு ஓட்டுரிமை தேவையில்லை!

பெஜா மாரியில்தான் குடியிருந்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். 1909-ல் அங்கேயே ஒரு விதவையை மணந்தார். அவர் மகன் ஜாக், 1939-ல் செசில் மாடிகன் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்தபோது ஒட்டகங்களைக் கவனித்துக்கொண்டு உடன் போனவர். ஓய்வுக்குப் பிறகு அப்பா பேரீச்சை வளர்த்துக்கொண்டிருந்தார். 1957-ல் காலமானார். டிக்டேஷன் டெஸ்ட் ஒழிந்தது அதற்கு அடுத்த வருடம், 1958-ல்.

அதற்குள் ஒட்டகத்தின் காலம் முடிந்திருந்தது. 1920-களில் லாரிகள் வந்துவிட்டன. கேட்பாரில்லாமல் சுற்றும் ஒட்டகங்களை ஒழித்துக்கட்ட 1925-ல் தெற்கு ஆஸ்திரேலியா ஒரு சட்டம் போட்டது. பிள்ளைபோல் வளர்த்த பிராணியைச் சுடுவதற்கு எத்தனை பேருக்கு மனசு வரும்? பலர் கயிற்றை அவிழ்த்துப் பாலைவனத்தில் விட்டுவிட்டார்கள். அவை பெருகி, பெருகி, லட்சக்கணக்கில் ஆயின. 2020 ஜனவரியில், வறட்சியில் தண்ணீர் தேடி ஊர்களுக்குள் புகுந்தன என்று ஹெலிகாப்டரில் போய் சுமார் 5,000 ஒட்டகங்களைச் சுட்டார்கள்.

ஒட்டகத்தின் இடத்தில் லாரி ஓட்டியவர்களில் ஒருவர் பெரிய ஹீரோ ஆனார். பெயர், டாம் க்ரூஸ். சத்தியமாக! ஹாலிவுட்காரர் இல்லை, இவர் தபால்காரர். 1936 முதல் இருபது வருடங்களுக்கு மேல் மாரியிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை மணலில் புதைந்து புதைந்து தபால் கொண்டுபோனவர். அவரை வைத்து 1954-ல் ஓர் ஆவணப்படம் வந்தது. பட்டமும் கிடைத்தது. தகுதியான மனிதர்தான், சந்தேகமே இல்லை. ஆனால், அவருக்கு முன்னால் அதே மணலில் கால்நடையாகப் போனவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

1980-ல் மாரிக்கும் அதே கதி. அலைஸ் ஸ்பிரிங்ஸ் ரயிலை மேற்கே வெகுதூரம் தள்ளிப் புதுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். மாரி ஸ்டேஷனில் இப்போது துருப்பிடித்த பழைய இன்ஜின்கள் மட்டும் நிற்கின்றன. 2012-ல் நீதிமன்றம் அந்த வட்டாரத்தில் பெரும் நிலப்பரப்புக்கு அரபானா மக்களின் பாரம்பரிய உரிமையை அங்கீகரித்தது. அந்தப் பழைய மசூதியின் மாதிரி ஒன்றை ஊருக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டகக்காரர்களின் வாரிசுகள் இன்னும் அந்தப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள்.

எப்போதாவது மாரி பக்கம் போக வாய்த்தால், தாராளமாக அந்த ஹோட்டலில் தங்குங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் பழைய தண்டவாளத்தைத் தாண்டி நடந்துவிட்டு வாருங்கள். ஐந்தே நிமிஷம். ஹோட்டல் சுவரும் கூரையும் எழும்பிய அந்த நாட்களில், சாமான் சுமந்தவர்கள் குடியிருந்த இடம் அது.

அடிலெய்டிலிருந்து டார்வினுக்கு 2,979 கிலோமீட்டர் ஓடுகிற சொகுசு ரயில் ஒன்று இருக்கிறது. டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதன் சின்னம், ஒட்டகமும் அதன் மேல் ஒரு மனிதனும். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘தி கான்’. ஒட்டகக்காரர்களின் நினைவாக வைத்தது என்கிறார்கள், ரயில்வேக்காரர்கள்.

அந்த ரயில் இப்போது மாரி வழியாகப் போவதில்லை.