தவறான விடைகள்

பெரிய கேள்விகளே இளைஞர்களை மனோதத்துவத்தின் பக்கம் இழுக்கின்றன என்று எண்ணியிருந்தேன். ழான் பியாஜே விஷயம் வேறு. நத்தை முதலான மெல்லுடலிகளை ஆராய்ந்து 1918ல் டாக்டர் பட்டம் பெற்றவர், 23 வயதில், 1919ல் பாரிஸ் போனார். பர்ட் இங்கிலாந்தில் தயாரித்த பரீட்சைகளைப் பாரிஸ் குழந்தைகளுக்கேற்பத் தரப்படுத்தும் வேலையை ஸிமோன் கொடுத்தார். சரி, தப்பு என்று எண்ணிப்போடும் குமாஸ்தா வேலை, உற்சாகமில்லாமல்தான் ஆரம்பித்தார். ஆனால் ஒரே வயதுக் குழந்தைகள் ஒரேவிதமாகத் தவறினார்கள். எண்ணுவதைவிட, ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று அவர்களிடமே கேட்பது முக்கியமாகிவிட்டது. தவறுக்கும் ஒரு தர்க்கம் இருந்தது. 1921ல் ஜெனிவா போனபின் செய்தவை இந்தக் கேள்வியின் நீட்சி.

நானும் குமாஸ்தாதான். பேரேட்டில் தவறான எண்ணை அடித்துச் சுருக்கொப்பமிட்டு மேலே போகிறவன். புதியவர்களின் கவிதைகளையும் இத்தனை நாள் அப்படித்தான் படித்திருக்கிறேன்.