நினைவூட்டும் கலை: நாடக மேடை முதல் உரைகாட்டி வரை



‘அடியெடுத்துக் கொடுத்தல்’ என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தொடர். சேக்கிழார் பெருமான் தொண்டர்தம் வரலாற்றைப் பாடத் தொடங்கியபோது, தில்லைக் கூத்தனே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்பது சைவர் மரபு. கிடைத்தது முதற்சொல் மட்டுமே. அதன் பின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தது புலவரின் நெஞ்சமும் நாவும் ஆகும்.

பேசுவதற்கோ பாடுவதற்கோ நிற்கும் ஒருவருக்குப் பிறர் சொல்லை எடுத்துக் கொடுக்கும் இவ்வழக்கம், காலந்தோறும் புதிய உருவங்களை எடுத்து வந்திருக்கின்றது. இன்று அது ஒரு கண்ணாடிப் பலகையாக நிற்கின்றது. தொலைக்காட்சியில் செய்தி சொல்பவர் கையிலுள்ள தாளைப் பாராமல், நம் கண்களையே நோக்கி, ஓரிடத்திலும் தடுமாறாமல் பேசுகின்றாரே, அது எவ்வாறு இயல்கின்றது? அவர் எதிரே அக்கண்ணாடி நிற்கின்றது. அதில் எழுத்துக்கள் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்கருவிக்கு டெலிபிராம்ப்டர் என்று பெயர். நாம் அதனை ‘உரைகாட்டி’ என்று வழங்கலாம். அதன் வரலாற்றைக் காண நாம் முதலில் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்தே தொடங்கலாம்.

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில், தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் அடக்கத்தலம் உள்ளது. 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அவருடைய வாழ்க்கைக்கும் நம் பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சுவாமிகள் நாடக உலகிற்கு வந்த காலத்தில், மேடையில் பாட்டுக்கள் எழுதப்பட்டபடி பாடப்பெற்றன. உரையாடலோ பெரும்பாலும் நடிகரின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. வாதத் திறமை மிக்க நடிகர் இருவர் மேடையில் எதிர்ப்பட்டால், கதை ஒருபுறம் நிற்க, இருவரும் சொற்போரில் இறங்கிவிடுவர். அவையோர் அதனை விரும்பிக் கேட்டதும் உண்டு. ஆயினும், நாடக ஆசிரியன் கருதிய பொருள் அவ்விடத்தில் சிதைந்து போயிற்று. எழுதியவன் சொல்லும் நடிப்பவன் சொல்லும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது சுவாமிகளின் எண்ணம். இளஞ்சிறுவர்களைக் கொண்ட நாடகக் குழுக்களில் அவர் ஈடுபட்டதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணமாகும். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ் பெற்ற சிறுவர்கள் அதில்தான் பயிற்சி பெற்றனர்.

அப்பயிற்சி எத்தகையது? ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பாட்டும் வசனமும் மனத்தில் பதியும்வரை அது நடக்கும். அதன்பின் பொருள் விளக்கப்பெறும். எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், எவ்விடத்தில் மூச்சு விட வேண்டும் என்பன கற்பிக்கப்பெறும். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று டி. கே. சண்முகம் தம் நினைவு நூலில் வியந்து கூறுகின்றார். ஓர் இரவில் ஏட்டில் ஏறிய சொற்கள், சிறுவரின் நினைவில் ஏறி, மேடையில் உயிர் பெற்றன.

வாழ்வின் இறுதியில் சுவாமிகளைப் பக்கவாத நோய் பற்றியது. நடமாட்டம் ஒடுங்கியது; நாவும் ஒடுங்கியது. எத்தனையோ நாவுகளுக்குச் சொல் வழங்கியவர் தாம் ஒரு சொல்லும் பேச இயலாதவரானார். ஆயினும், அவர் பயிற்றிய சிறுவர்கள் அவர் எழுதிய சொற்களை மேடையில் தடையின்றிப் பேசிக்கொண்டே இருந்தனர். கற்றவர் நெஞ்சில் தங்கிய சொல் கற்பித்தவரின் நா ஓய்ந்த பின்னும் ஓயாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எல்லா நடிகருக்கும் அத்தகைய நினைவாற்றல் வாய்ப்பதில்லை. ஆதலின், பக்கத் திரையின் மறைவில் ஒருவர் நாடகப் பிரதியுடன் நின்று, நடிகர் தயங்கும் இடத்தில் மெல்லிய குரலில் சொல்லை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஆங்கிலத்தில் இவருக்குப் ‘பிராம்ப்டர்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியிலோ ‘சூஃப்ளர்’ என்பர். ‘ஊதுபவர்’ என்பது அச்சொல்லின் பொருள். ஐரோப்பிய அரங்குகளில் மேடையின் முன்விளிம்பில் சிறு குழி ஒன்று அமைத்து, அவையோர் காணாதபடி அதன்மேல் ஒரு மூடியிட்டு, அதற்குள் அவரை அமர்த்துவர். நடிகர் காதில் சொல்லை ஊதுவதே அவர் தொழில். ஒன்றை இங்கே கருத வேண்டும். அவர் எல்லாச் சொற்களையும் சொல்வதில்லை. நடிகர் மறந்த இடத்தில் மட்டுமே சொல்வார். மற்றவை நடிகரின் நினைவிலிருந்தே வரவேண்டும்.

நாடக மேடைக்கு அடுத்து வந்தது வானொலி. சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும், நம் புதுச்சேரி நிலையம் 1967-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. வானொலியில் பேசுபவரை யாரும் காண்பதில்லை. ஆதலின் அவர் தாளைப் பார்த்தே படிக்கலாம். மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை நீங்கியது. ஆனால் வேறொரு தேவை தோன்றியது. படிப்பது பேசுவது போல ஒலிக்க வேண்டும். 1920-களின் இறுதியில் இலண்டன் பி.பி.சி. நிறுவனத்தில் சொற்பொழிவுப் பிரிவின் தலைவராக விளங்கிய ஹில்டா மாத்திசன் என்னும் அம்மையார் இதனை நன்குணர்ந்தவர். பெருங்கூட்டத்தை நோக்கி முழங்குவது வானொலிக்குப் பொருந்தாது, வீட்டில் அமர்ந்து கேட்கும் ஒருவரோடு உரையாடுவது போல எழுதிப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றும் வானொலிப் பேச்சாளர் பின்பற்றும் நெறி அதுவே.

இவ்விடத்தில் நம் வானொலியின் ஒரு பண்பை நினைவு கூர்தல் தகும். தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி ஒலித்த நாட்களில், ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி’ என்ற குரலைத் தமிழகமெங்கும் மக்கள் கேட்டனர். அவ்வறிவிப்பில் ‘வாசிப்பது’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். ‘நான் வாசிக்கின்றேன், எழுதப்பட்டதையே உங்களுக்குத் தருகின்றேன்’ என்று முதல் வரியிலேயே கேட்போருக்கு உண்மை உரைக்கப்பட்டு விடுகின்றது. இப்பொழுது நீங்கள் கேட்கும் இச்சொற்களும் முன்னரே எழுதப்பட்ட தாளிலிருந்து வாசிக்கப்படுவனவே.

தொலைக்காட்சி வந்தபோது நிலைமை மாறியது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு தில்லியிலும், 1975-ஆம் ஆண்டு சென்னையிலும் தொலைக்காட்சி நிலையங்கள் தொடங்கின. தாளைப் பார்த்துப் படிப்பவரின் முகம் குனிந்திருக்கும்; நமக்குத் தெரிவது அவர் தலையுச்சியும் இமைகளுமே. அவர் அடிக்கடி நிமிர்ந்து பார்த்தால், மீண்டும் குனியும்போது விட்ட வரி எங்கே என்று தேட வேண்டும். கண்ணோடு கண் நோக்கிப் பேசுபவரையே மனித மனம் எளிதில் நம்புகின்றது. அவ்வாறு நோக்கவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். இரண்டும் ஒருங்கே நிகழ்வது எப்படி?

இவ்வினா அமெரிக்காவில் முன்னரே எழுந்துவிட்டது. அங்கே தொலைக்காட்சி நாடகங்கள் நாள்தோறும் நேரடியாக ஒளிபரப்பப் பெற்றன. ஒவ்வொரு நாளும் புதிய வசனத்தை மனப்பாடம் செய்வது நடிகருக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஃபிரெட் பார்ட்டன் என்னும் நடிகர் இக்குறையை எடுத்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டு ஃபாக்ஸ் படநிறுவனத்தைச் சேர்ந்த இர்விங் கான் என்பவரும், ஹியூபர்ட் ஷ்லாஃப்லி என்னும் பொறியியலாளரும் அவரோடு சேர்ந்து ஒரு கருவியை அமைத்தனர். நீண்ட தாள்சுருளில் பெரிய எழுத்துக்களில் வசனத்தைப் பொறித்து, அதனைச் சிறு மின்பொறியால் மெல்லச் சுழலச் செய்து, படக்கருவியின் அருகே நிறுத்தினர். 1950-ஆம் ஆண்டின் இறுதியில் அது ஒரு தொலைக்காட்சித் தொடரில் பயன்பட்டது. 1952-ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், முன்னாள் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் அதனைக் கொண்டு உரையாற்றினார். நடிகருக்காகத் தோன்றிய கருவி ஈராண்டுக்குள் அரசியலாளரின் கருவியும் ஆயிற்று.

தாள்சுருள் படக்கருவியின் பக்கத்தில் இருந்தமையால் பேசுபவரின் பார்வை சிறிது விலகியே நின்றது. ஜெஸ் ஓப்பன்ஹைமர் என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர், எழுத்தைப் படக்கருவியின் வில்லைக்கு முன்னேயே தோன்றச் செய்யும் அமைப்பை 1950-களில் உருவாக்கினார். அதன் இயக்கம் எளியது. வில்லைக்கு முன்னே ஒரு கண்ணாடிப் பலகையை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிறுத்துகின்றனர். அதன் கீழே எழுத்துத் திரை மல்லாந்து கிடக்கும். திரையின் ஒளி கண்ணாடியில் பட்டுப் பேசுபவரின் கண்ணை நோக்கித் திரும்புகின்றது. பேசுபவரின் உருவமோ கண்ணாடியை ஊடுருவிச் சென்று படக்கருவியை அடைகின்றது. ஆதலின் எழுத்து அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தோன்றுமாதலால், திரையில் அதனை முன்னரே மாற்றி இடுவர். படக்கருவியின் பக்கம் கருந்துணியால் மூடி இருளாக்குவர். இல்லையெனில் பின்னிருந்து வரும் ஒளி எழுத்தை மங்கச் செய்யும்.

இயற்பியல் பயிலும் மாணவர் இதில் பழைய தந்திரம் ஒன்றைக் காண்பர். 1862-ஆம் ஆண்டு இலண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்னும் பேராசிரியர், சாய்ந்த கண்ணாடி ஒன்றின் உதவியால் நாடக மேடையில் ஆவியுருவைத் தோன்றச் செய்து மக்களை வியப்பில் ஆழ்த்தினார். இல்லாத உருவைக் காட்டியது அக்கண்ணாடி. இருக்கும் எழுத்தை மறைப்பது இக்கண்ணாடி. இரண்டுக்கும் ஒளிவிதி ஒன்றே.

கருவியின் எல்லையை அறிய இரு நிகழ்ச்சிகளைக் கூறுவேன். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது ஐசனோவர் இண்டியானாபோலிஸ் நகரில் உரையாற்றினார். உரைகாட்டி அவர் பேச்சோடு இசைந்து நகரவில்லை. பொறுமை இழந்த அவர், அதனை நகர்த்துமாறு கடிந்து கூறிய சொற்களும் ஒலிபரப்பில் சேர்ந்து மக்கள் செவியை எட்டின. மற்றொன்று, 1993-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்தது. குடியரசுத் தலைவர் கிளிண்டன் மக்கள் நலவாழ்வுத் திட்டம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேச எழுந்தார். உரைகாட்டியில் ஓடியதோ, அவர் அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆற்றிய வேறோர் உரை! அதனைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் ஆயின. அதுவரை அவர் தயங்காது பேசிக்கொண்டிருந்தார்; அவையோருக்கு ஒன்றும் தெரியவில்லை. பொருள் அவர் நெஞ்சில் இருந்தமையால், கண்ணாடி பிழைத்தபோதும் பேச்சுப் பிழைக்கவில்லை.

இன்று இக்கருவி பெருநிலையங்களுக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசியில் எழுத்து ஓடும் செயலிகள் வந்துவிட்டன. பாடம் நடத்தும் ஆசிரியரும், கருத்துரைக்கும் மாணவரும் தாமே காணொலி பதிவு செய்கின்றனர். அவ்வாறு செய்வோர் சில நெறிகளை அறிதல் நலம். எழுத்து வில்லைக்கு மிக அருகில் தோன்ற வேண்டும். வரிகள் குறுகியனவாக இருத்தல் வேண்டும். நீண்ட வரியானால் கருவிழி இடமும் வலமும் ஓடுவதைக் காண்போர் உடனே அறிவர். படக்கருவியிலிருந்து சற்று விலகி நின்றால் அவ்வோட்டம் குறையும். எழுத்தின் வேகம் பேசுபவரைத் தொடர வேண்டும். பேசுபவர் எழுத்தைத் துரத்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியதைப் பதிவுக்கு முன் உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டும் வாக்கியம் இருந்தால் அதனை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

இவை கைத்திறன் பற்றியவை. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பக்கத் திரையில் நின்றவர் மறந்த சொல்லை மட்டும் கொடுத்தார். வானொலியில் ‘வாசிப்பது’ என்று சொல்லியே வாசித்தனர். உரைகாட்டியோ எல்லாச் சொற்களையும் கொடுக்கின்றது. கொடுப்பதையும் மறைத்து விடுகின்றது. ஆதலின், தாம் அறியாத பொருளையும் அறிந்தார் போல, தாம் நம்பாத கருத்தையும் நம்பினார் போல, ஒருவர் நம் கண்ணை நேரே நோக்கிச் சொல்லிவிட இயலும். அக்கண்ணாடியின் குற்றமன்று இது. அதன் பின்னே நிற்போரின் பொறுப்பு. காண்போருக்கும் ஒரு கடமை உண்டு. தடையற்ற பேச்சையும் நேர்கொண்ட பார்வையையும் கண்டவுடன் சொல்லப்பட்டது மெய்யென்று கொள்ளாது, பொருளை ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும்.

அன்று மீனலோசனி சபையில் ஒரு சிறுவனுக்குச் சொல் கொடுத்தவர்கள், அதன் பொருளையும் கொடுத்த பின்னரே அவனை மேடைக்கு அனுப்பினர். இன்று கண்ணாடியின் முன் நிற்கும் மாணவர் அப்பணியைத் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டும். பதிவைத் தொடங்குமுன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள்: ‘இவ்வெழுத்து இப்பொழுதே அணைந்துவிட்டால், சொல்ல வந்ததை என் சொற்களில் சொல்ல எனக்கு இயலுமா?’ இயலும் என்று உங்கள் உள்ளம் விடை கூறுமானால், கருவியை அச்சமின்றிப் பயன்படுத்துங்கள். அப்பொழுது அது அடியெடுத்துக் கொடுக்கும் துணையாக மட்டுமே நிற்கும். பாடுவது நீங்களாகவே இருப்பீர்கள்.