ரஸல் பிரபுவும் ரேச்சல் சீமாட்டியும்

இங்கிலாந்து நாட்டு வரலாறு என்றால் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போவது ஒரு கணவனையும் மனைவியையும் பற்றி. 340 ஆண்டுகளுக்கு முன், கணவரின் உயிர் ஊசலாடிய நீதிமன்றத்தில், கையில் எழுதுகோலுடன் அவர் பக்கத்தில் அமர்ந்த ஒரு பெண்மணியின் வரலாறு இது.

கணவர் பெயர் வில்லியம் ரஸல். 1639-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை பெட்ஃபோர்டு பிரபு, பெரும் நிலக்கிழார். ஆனால் வில்லியம் மூத்த மகன் அல்லர். அந்நாட்டு வழக்கப்படி பட்டமும் சொத்தும் மூத்தவருக்கே போகும்.

மனைவி பெயர் ரேச்சல். அவருடைய தந்தை சவுத்ஹாம்டன் பிரபு, இரண்டாம் சார்லஸ் மன்னரின் கருவூலத் தலைவராக இருந்தவர். ரேச்சலுக்கு இளம் வயதிலேயே பெரியவர்கள் ஒரு திருமணத்தைச் செய்து வைத்தார்கள். 1667-ஆம் ஆண்டு அந்தக் கணவரும் இறந்தார், தந்தையும் இறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் சொத்து பெண் மக்களுக்குப் பங்காயிற்று. ஸ்ட்ராட்டன் என்னும் ஊரின் நிலமும், லண்டனில் புளூம்ஸ்பரி நிலமும் ரேச்சலுக்கு வந்தன.

கைம்பெண், வில்லியமைவிட ஏறத்தாழ மூன்று வயது மூத்தவர், பெரும் செல்வி. வில்லியமோ பரம்பரைச் சொத்துக்கு உரிமை இல்லாத இளைய மகன். இருந்தும் இருவர் மனமும் ஒன்றுபட்டது. 1669-இல் மணந்துகொண்டார்கள். அந்தக் காலத்துப் பிரபுக்கள் குடும்பங்களில் திருமணம் என்பது பெரும்பாலும் சொத்துப் பேரமே. இவர்கள் வாழ்க்கையோ அன்பில் வேரூன்றி நின்றது.

இதற்குச் சான்று என்ன? ரேச்சலின் கடிதங்கள். கணவர் வெளியூர் போகும்போதெல்லாம் அவர் கடிதம் எழுதினார். வீட்டுச் செய்தி, நிலத்துச் செய்தி, நாட்டு நடப்பு எல்லாம் அதில் இருக்கும். பையன் தூங்குவதையும் பெண்கள் படுக்கையில் பாடிக்கொண்டிருப்பதையும்கூட ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

1678-இல் வில்லியமின் அண்ணன் இறந்தார். அதன் பின் வில்லியம், ரஸல் பிரபு என்று அழைக்கப்பட்டார். நாடாளுமன்றத்தில் அவர் மன்னரின் எதிர்த்தரப்பில் முக்கியமானவர். சார்லஸ் மன்னருக்கு முறைப்படி பிறந்த பிள்ளை இல்லை. அவருக்குப் பின் பட்டம் தம்பி ஜேம்ஸுக்குப் போகும். ஜேம்ஸ் கத்தோலிக்கர்; நாட்டு மக்களில் பெரும்பாலோர் புரோட்டஸ்டண்டுகள். ஜேம்ஸ் வந்தால் நாடாளுமன்றத்தை மதியாமல் ஆள்வார் என்று பலர் அஞ்சினார்கள். அவருக்கு முடி கூடாது என்று 1680-இல் கொண்டுவரப்பட்ட மசோதாவைப் பிரபுக்கள் சபைக்கு எடுத்துச் சென்றவர் ரஸல்தான். அந்தச் சபை அதைத் தள்ளிவிட்டது.

ரஸலிடம் குறை இல்லாமல் இல்லை. கத்தோலிக்கர்கள் மன்னரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று 1678-இல் டைட்டஸ் ஓட்ஸ் என்பவன் பெரும் பொய்யைக் கிளப்பினான். குற்றமற்ற பலர் தூக்கில் தொங்கினார்கள். அந்தப் பொய்யை நம்பி முழங்கியவர்களில் ரஸலும் ஒருவர். பொய்ச் சாட்சியின் கொடுமை எத்தகையது என்பதைப் பிறகு அவர் வீடே உணர நேர்ந்தது.

1683-ஆம் ஆண்டு. குதிரைப் பந்தயம் பார்த்துத் திரும்பும் மன்னரையும் தம்பியையும், ரை ஹவுஸ் என்ற வீட்டருகே வழிமறித்துக் கொல்லச் சிலர் திட்டமிட்டதாக அரசுக்குத் துப்புக் கிடைத்தது. பந்தயம் நடந்த ஊரில் தீப்பற்றியதால் மன்னர் முன்னதாகவே திரும்பிவிட்டார், சதி நடக்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்புத் தலைவர்களைப் பிடிக்க அரசுக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. தப்பி ஓட வழி இருந்தும் ரஸல் ஓடவில்லை. ஜூன் 26-ஆம் நாள் லண்டன் கோட்டையில் அடைக்கப்பட்டார்.

ஜூலை 13-ஆம் நாள் விசாரணை. இராஜத்துரோக வழக்கில் அக்காலத்துச் சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? நடந்தது என்ன என்று குற்றவாளிக்காக எடுத்துப் பேச வழக்கறிஞர் கிடையாது. சட்ட நுணுக்கம் எழுந்தால் மட்டுமே வழக்கறிஞர் வாய் திறக்கலாம். சாட்சிகளைக் கேட்பது, மறுப்பது, நினைவில் வைப்பது எல்லாம் அவரே செய்ய வேண்டும். தம் சாட்சிகள் வந்து சேரப் பிற்பகல்வரை பொறுக்குமாறு ரஸல் கேட்டார். அரசுத் தரப்பு இசையவில்லை.

குறிப்பெடுக்க ஒருவர் வேண்டும் என்று ரஸல் கேட்டார். வேலையாள் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தம் மனைவியே அதற்கு வந்திருப்பதாக அவர் சொன்னார். நீதிபதியும் இசைந்தார். நிறைந்த மன்றத்தில் ரேச்சல் எழுந்து வந்து கணவர் அருகில் அமர்ந்து எழுதத் தொடங்கினார்.

முக்கியச் சாட்சி ஹோவார்டு பிரபு. புகைபோக்கிக்குள் ஒளிந்திருந்தபோது பிடிபட்டு, அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர். கூட்டம் நடந்த வீட்டுக்குப் போனது உண்மை என்று ரஸல் ஒப்புக்கொண்டார். மன்னர் உயிருக்குத் தீங்கு நினைத்ததே இல்லை என்று மறுத்தார். ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். தீர்ப்பு, மரண தண்டனை.

ரேச்சல் ஓயவில்லை. மனு மேல் மனு எழுதினார். மன்னரின் காலில் விழுந்து மன்றாடினார். தம் தந்தை மன்னருக்குச் செய்த தொண்டை நினைவூட்டினார். மன்னர் மனம் இரங்கவில்லை. கேவண்டிஷ் என்ற நண்பர், உடை மாற்றிக்கொண்டு சிறையில் தாம் இருப்பதாகவும், ரஸல் தப்பிவிடலாம் என்றும் சொன்னார். ரஸல் மறுத்தார். மன்னரை எதிர்ப்பது எந்நிலையிலும் பாவம் என்று எழுதிக் கொடுத்தால் உயிர் தப்பலாம் என்று பாதிரிமார்கள் வற்புறுத்தினார்கள். மனச்சாட்சிக்கு மாறாக எழுத அவர் இணங்கவில்லை.

ஜூலை 20, கடைசி மாலை. பிள்ளைகளை முத்தமிட்டு அனுப்பினார். இரண்டு பெண்களுக்கும் பத்து வயது நிரம்பவில்லை. மகனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. பிரியும் நேரத்தில் ரேச்சல் அழவில்லை. கணவர் மனம் கலங்கிவிடக் கூடாதே என்று துயரத்தை விழுங்கிக்கொண்டு வெளியே போனார். அவர் போனதும், மரணத்தின் கசப்பு இப்போதே தீர்ந்துவிட்டது என்றார் ரஸல். மறுநாள் காலையில் தம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பாதிரியாரிடம் தந்துவிட்டுக் கொலைக்களம் சென்றார்.

நேயர்களே, கதை அங்கே முடியவில்லை. ரேச்சல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. நிலங்களைத் தாமே நிர்வகித்தார், பிள்ளைகளை வளர்த்தார், 40 ஆண்டுகள் வாழ்ந்து 1723-இல் கண்மூடினார். அதற்குள் காலமும் மாறியது. ஜேம்ஸ் மன்னரானார், 1688-இல் நாட்டைவிட்டு ஓடினார். 1689-இல் நாடாளுமன்றம் ரஸல் மீதான தீர்ப்பைச் செல்லாது என்று அறிவித்தது. போன உயிர் திரும்பவில்லை. ஆயினும் பிள்ளைகளின் பெயரிலிருந்து துரோகி மகன், துரோகி மகள் என்ற கறை நீங்கியது.

1696-இல் ஒரு புதிய சட்டம் வந்தது. இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, குற்றப் பத்திரிகையின் நகல் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். அவருக்காக வழக்கறிஞர் வாதாடலாம் என்றது அச்சட்டம். 13 ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால், ரேச்சல் வெறும் எழுதுகோலோடு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நம் மலேசிய நாட்டு அரசியலமைப்பின் 5-ஆம் விதியும், கைதானவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்கிறது. இந்த உரிமை சும்மா வந்ததன்று. பல குடும்பங்கள் கண்ணீர் விட்ட பிறகே இத்தகைய சட்டங்கள் பிறந்தன. அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நம் கடமை.

மற்றொன்றும் சொல்லி முடிக்கிறேன். அன்று அந்த மன்றத்தில் கணவருக்கு ரேச்சலின் செல்வம் உதவவில்லை. குலப் பெருமையும் உதவவில்லை. உதவியது அவர் கற்ற எழுத்தும், அஞ்சாத நெஞ்சும்தான். வேலை முடிந்து வந்து வானொலியருகே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, உங்கள் பெண் பிள்ளை பள்ளிப் புத்தகத்தை விரிக்கும்போது இந்தப் பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள்.