லியோனில் ஒரு சட்டம், கொலோனில் ஒரு சட்டம்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம்மூர்ப் பிள்ளை ஒருவர், இந்தியக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு லியோனில் குடியேறினால், மனைவிக்குப் பிரெஞ்சுச் சட்டம். அதே தம்பதி ஜெர்மனியில் கொலோனுக்கு வேலைக்குப் போனால், ஐரோப்பியச் சட்டம். இரண்டாவதுதான் தாராளமானது. சொந்த வீட்டில் கிடைக்காத விருந்து அடுத்த வீட்டில் கிடைப்பது எப்படி?

நம்மூர்க் கதை பலருக்கும் தெரியும். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறினாலும், 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது அப்படித்தான்.

ஐரோப்பாவில் இந்தக் குடும்ப உரிமை 1968-ல் வந்த ஒரு விதியில் தெளிவாக எழுதப்பட்டது. வேறொரு உறுப்பு நாட்டில் வேலைக்குப் போகும் தொழிலாளி, மனைவி மக்களையும் தன்னை நம்பி வாழும் பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் எந்த நாட்டவராயினும் சரி. கருணையைவிட இதில் கணக்கே அதிகம் என்பேன். குடும்பத்தை விட்டுவிட்டு வா என்றால் யார் வேலைக்கு வருவார்?

கணக்கு என்பது 1982-ல் தெரிந்தது. சூரினாம் நாட்டுத் தாய்மார் இருவர், நெதர்லாந்துக் குடிமக்களான தம் பிள்ளைகளோடு அங்கே வாழ அனுமதி கேட்டார்கள். பிள்ளைகள் சொந்த நாட்டை விட்டு வேறெங்கும் வேலைக்குப் போனதில்லை, ஆகவே இந்த விதி பொருந்தாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம்.

அந்தச் சுவரில் வாசல் திறந்தது ஓர் இந்தியரின் வழக்கு. சுரிந்தர் சிங் 1982-ல் ஒரு பிரிட்டிஷ் பெண்ணை மணந்தார். இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை செய்து, பிறகு தொழில் தொடங்க இங்கிலாந்து திரும்பினார்கள். மணவாழ்க்கை முறிந்து விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கையில், அவரை நாடு கடத்த அரசு முடிவு செய்தது. வழக்கு லக்சம்பர்க் வரை போயிற்று. 1992 ஜூலை 7-ல் தீர்ப்பு: வேறு உறுப்பு நாட்டில் வேலை பார்த்துத் தாய்நாடு திரும்புகிறவரின் துணைக்கு, அந்த நாட்டில் கிடைத்திருக்கக்கூடிய உரிமைக்குக் குறையாத உரிமை உண்டு. திரும்பி வரும்போது துணையை உள்ளே விடமாட்டார்கள் என்றால் ஒருவர் புறப்படவே தயங்குவார் அல்லவா?

2004-ல் எல்லாம் ஒரே ஆணையாகத் தொகுக்கப்பட்டது. 2006 ஏப்ரல் இறுதிக்குள் நாடுகள் அமல்படுத்த வேண்டும். கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இதில் பிடித்தது பத்தாவது பிரிவு. என்னென்ன காகிதம் கேட்கலாம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. மனைவி என்றால் பாஸ்போர்ட், திருமணச் சான்று, கணவரின் பதிவுச் சான்று. விண்ணப்பித்ததற்கு உடனே ரசீது, ஆறு மாதத்துக்குள் அட்டை. அட்டைக்கு ஐந்து வருட ஆயுள். 'இன்னொரு நகல் கொண்டு வா' என்று அலையவிடும் குமாஸ்தாவுக்கு இதில் இடமில்லை. அப்படிப்பட்டவர்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் விஷயம்தான் கடினம். ஸ்வீடனில் தொழில் செய்த ஒரு ஜெர்மானியப் பெண்ணின் சீன மாமியார் தொடுத்த வழக்கில், 2007-ல் நீதிமன்றம் சொன்னது: பிள்ளையின் ஆதரவு தேவை என்ற நிலை, புறப்படும் ஊரிலேயே இருந்திருக்க வேண்டும், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பிள்ளை எழுதித் தரும் உறுதிமொழி மட்டும் போதாது எனலாம். ஆகவே, மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்தின் வங்கிச் சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள். என்னைப் போல அரசு பென்ஷனில் வயிறு நிறைகிறவர்களுக்கு அந்த அட்டை எளிதில் கிட்டாது.