‘அணிதல்’ என்னும் வினை: நீச்சலுடை விதியின் ஒரு வாக்கியம் பற்றிய ஆராய்ச்சி

2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பாலியூரித்தேன் உடையணிந்து நீந்திய பந்தயங்கள் விதிக்கு முற்றும் உட்பட்டவையே என்றும், அவ்வுடையை விலக்கி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தீர்மானம் முன்னில்லாத ஒரு புதுச் சட்டமே என்றும் இத்துறையில் ஆராய்ந்தோர் பலர் எழுதி வந்திருக்கின்றனர். அம்முடிவுக்கு அவர்கள் காட்டும் தலையாய ஆதாரம், பழைய விதியில் ‘நீச்சலுடை’ என்ற சொல் இல்லை என்பது. சொல் இல்லை என்பது மெய். சொல் இல்லாமையால் பொருளும் இல்லையென்று பெறப்படுமா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வினா.

சர்வதேச நீச்சல் கூட்டமைப்பின் அப்பழைய விதி, போட்டியின்போது வேகத்துக்கோ மிதப்புக்கோ தாங்குதிறனுக்கோ துணைசெய்யக்கூடிய எந்தச் சாதனத்தையும் நீந்துபவர் பயன்படுத்தவோ அணியவோ கூடாது என்று விலக்கி, சவ்வுக் கையுறை, துடுப்புக் காலணி முதலியவற்றை அடைப்புக்குறிக்குள் எடுத்துக்காட்டி, கண்ணாடி மட்டும் அணியலாம் என்று ஒரு புறனடை கூறி முடிகிறது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘சாதனம்’ என்பதன் பின் ‘அல்லது நீச்சலுடை’ என்ற தொடர் சேர்ந்தது. முன்பே அடங்கியிருந்ததாயின் பின்பு சேர்ப்பானேன் என்று முந்திய ஆராய்ச்சியாளர் கேட்கின்றனர். நம் உரையாசிரியர் மரபில் பயின்றவர்க்கு இக்கேள்வி திகைப்பளிக்காது. உள்ளடங்கிய பொருளையே ஐயம் அகற்றும்பொருட்டு விதந்து கூறுதல் நூல் செய்வோர்க்கு இயல்பான வழக்கம்.

நான் முதற்கண் கவனிக்க விரும்புவது அவ்வாக்கியத்தின் வினைகளை. ‘பயன்படுத்தவோ’ என்பதோடு நில்லாமல் ‘அணியவோ’ என்றும் விதி கூறுகிறது. கையிற் பிடிப்பதும் இடுப்பிற் கட்டுவதும் பயன்படுத்துதலில் அடங்கிவிடுமாதலின், இரண்டாம் வினைக்குத் தனிப்பொருள் வேண்டுமெனின், உடலின்மேல் ஏறுவன யாவும் விதியின் ஆட்சிக்கு உட்பட்டன என்றே கொள்ளவேண்டும். புறனடையும் இதனையே உறுதிசெய்கிறது. கண்ணாடிக்கு அனுமதி தரவேண்டியிருந்ததெனின், அவ்வனுமதி இல்லாவிடத்து அதுவும் விலக்கில் அகப்பட்டிருக்கும் என்பது வெளிப்படை. நீந்துபவரை ஒரு விரற்கடையும் முன்னே தள்ளாத கண்ணாடிக்கே புறனடை தேவைப்பட்டிருக்க, கழுத்தடி முதல் கணுக்கால் வரை உடலை இறுக்கி, தசையின் அசைவை அடக்கி, நீரை உட்புகவிடாத ஓர் உடைக்குப் புறனடையே வேண்டியதில்லை என்பது எவ்வாறு பொருந்தும்?

இதற்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. அதனைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. எடுத்துக்காட்டிய கையுறையும் காலணியும் நீரைத் தள்ளும் பரப்பைப் பெருக்குவன. ஆகவே இனங்கொளல் முறையால் ‘முதலியன’ என்பது அவ்வினத்தையே தழுவும். உடையோ நீரைத் தள்ளுவதில்லை, தடையைக் குறைப்பதோடு அமைகிறது என்பர். இவ்வாதத்தின்முன் நான் நெடுநாள் தயங்கி நின்றதுண்டு. தயக்கத்தைத் தீர்த்தது ‘மிதப்பு’ என்ற ஒரு சொல். சவ்வுக் கையுறையை மிதப்பதற்காக எவரும் அணிவதில்லை. துடுப்புக் காலணியும் அத்தகையதே. எடுத்துக்காட்டுகளின் இனமே விதியின் எல்லை என்று கொண்டால், மிதப்பு என்ற சொல் அவ்வாக்கியத்தில் வேலையற்று நிற்கும். ஒரு சொல்லை வெற்றெனத் தள்ளும் உரை, அச்சொல்லுக்குப் பொருள் தரும் உரையின்முன் நிலைபெறாது. 2009 ஜூலையில் ரோம் நகரில் கூடிய பேரவை துணிவகை உடையையே அனுமதிப்பதென்று தீர்மானிப்பதற்கு நான்கு மாதம் முன்னரே, துபாயில் கூடிய செயற்குழு உடையின் தடிப்புக்கு 1 மில்லிமீட்டர் என்றும் மிதப்பு விசைக்கு 1 நியூட்டன் என்றும் எல்லை வகுத்தது. மிதப்பு உடையைச் சார்ந்த விஷயமே அன்று என்று எண்ணியவர்கள் அதற்கு அளவுகோல் தேடியிருக்கமாட்டார்கள்.

இவ்விடத்தில் சென்னையின் மீனவர் கரைகளாகிய ராயபுரத்தையும் காசிமேட்டையும் நினைவுகூர்தல் வாதத்துக்குப் புறம்பாகாது. கடலிலிருந்து மீண்ட கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்து மணலில் உலர்த்திய வழக்கத்துக்குக் காரணம், மரம் நீரை உறிஞ்சுமளவுக்கு மிதப்பை இழக்கும் என்ற அனுபவ ஞானம். வலையின் மேற்கயிற்றில் மிதவையும் கீழ்க்கயிற்றில் ஈயக் குண்டும் கோத்த அக்கரையினர், ஒரு பொருளை அதன் பெயரால் வகுக்காமல் நீரில் அது செய்யும் தொழிலால் வகுத்தனர். நெய்த துணி நீரை ஏற்கும். பாலியூரித்தேன் படலம் ஏற்காது. கட்டுமரம் போய்க் கண்ணாடியிழைப் படகு வந்ததற்கு நிகரான மாற்றம் இது. (மீன்பிடித் தொழிலில் அம்மாற்றத்தை நான் குறை கூறேன், அலையோடு போராடிப் பிழைப்பவர்க்கு மிதப்பு எவ்வளவு கிடைத்தாலும் நன்றே. பந்தயத்தின் தர்மம் வேறு.) திருவொற்றியூரை அடுத்த மணலியில் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் ஆலை உற்பத்தி செய்யும் பாலியால் என்னும் திரவமே ஐசோசயனேட்டுடன் வினைபுரிந்து பாலியூரித்தேன் ஆகிறது. மெத்தைக்கும் வாகன இருக்கைக்கும் அது நுரையாகச் செல்கிறது.  அப்பொருளின் படலத்தால் உடலை மூடிவிட்டு, இஃது ஆடையேயன்றிச் சாதனமன்று என்பது பெயரைப் பற்றிக்கொண்டு தொழிலை மறப்பதாகும்.

எதிர்க்கட்சியினர் இறுதியாகச் சரண்புகுவது, ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழுவின் வேண்டுகோளின்பேரில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அளித்த ஆலோசனைக் கருத்தை. முழுவுடல் உடைகளைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது செல்லும் என்று அக்கருத்து கூறியதை நான் மறுக்கவில்லை. எனினும் அது முதன்மையாகக் கூறியது, விதிக்குப் பொருள் காணும் அதிகாரம் கூட்டமைப்பினுடையது, தக்க காரணமின்றி அதில் நீதிமன்றம் தலையிடாது என்பதே. அதிகாரம் யாருடையது என்ற தீர்ப்பை, பொருள் யாது என்ற தீர்ப்பாகப் படிப்பது பிழை. மேலும் 2000ஆம் ஆண்டில் வாதத்துக்கு வந்தவை பின்னலாடைகள். எட்டாண்டுகள் கழித்து ஸ்பீடோ நிறுவனத்தின் எல்.இசட்.ஆர். ரேசர் பாலியூரித்தேன் பட்டைகளோடு வந்ததும், அதற்கும் அடுத்த ஆண்டில் முற்றிலும் பாலியூரித்தேனாலான உடைகள் வந்ததும் அந்நீதிமன்றத்தின் கண்முன் இருந்தவையல்ல.

உடம்பை மழித்துக்கொள்வதும் வேகம் தருமே என்பார்க்கு, மழித்த தோல் அணியப்படுவதன்று என்ற ஒரு வார்த்தை போதும். உடையைத் துணைக்கருவியாகக் கருதும் எண்ணமே அக்காலத்தில் இருந்ததில்லை என்பது அதனினும் வலியற்ற கூற்று. சென்னையின் குற்றாலீஸ்வரன் 1994இல் 12 வயதிலேயே நீந்திக் கடந்த ஆங்கிலக் கால்வாயில், வெப்பம் காக்கும் உடையும் மிதப்புத் தரும் உடையும் கூடாதென்பது வழிவழி வந்த நிபந்தனை.

எனவே ‘அல்லது நீச்சலுடை’ என்ற சேர்க்கை விளக்கமேயன்றி விதியன்று என்பது என் துணிபு. இதனால் விளைவதென்ன? ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் எழுதப்பட்டன. அவற்றை அழிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. ஆட்சியாளர் அனுமதித்ததை நம்பி அணிந்த வீரரைத் தண்டித்தல் நியாயமாகாது. ஆனால் அச்சாதனைகள் எவரோடு போட்டியிடுகின்றன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 2010 நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டில், விலக்குக்குப் பிற்பட்ட துணியுடையில் 50 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தி 24.31 விநாடியில் வெண்கலம் வென்ற வீர்தவல் காடே, 1986க்குப்பின் இந்தியாவுக்கு அவ்விளையாட்டு விழாவின் நீச்சலில் பதக்கம் கொணர்ந்த முதல்வர். அவர் நேரத்தை அளக்க உலகம் வைத்திருந்த அளவுகோல், ஸ்பெயினின் ரஃபேல் முன்யோஸ் 2009 ஏப்ரலில் நிறுவிய 22.43, அது 2018 வரை நின்றது. இருவர்க்கும் இடையேயுள்ள தூரத்தில் பெரும்பகுதி திறமையினாலானதே என்று கொண்டாலும், எஞ்சியது எவ்வளவு என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லாதபடி பட்டியல் அச்சாகிறது. 2008, 2009 ஆகிய ஆண்டுகளின் நேரங்களுக்கு எதிரே, நீந்தியவர் பெயரோடு அவர் அணிந்த உடையின் வகையையும் அச்சிடவேண்டும்.